ஒருக்கா இறங்கினது போதும்

கொண்டச்சி,
முசலி.
14.11.2023

அல்லாஹ்வின் பெயர் சொல்லித் தொடங்குகிறேன். கத்தாரில் இருக்கும் என் மகள் ஸஜானாவுக்கும் மருமகன் இன்ஸாபுக்கும் உம்மாவின் ஸலாம். நான் நலமாக இருக்கிறேன். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, சண்டைக்காக எழுதுகிறேன். உன் நானா றிஸ்லான், மூத்தவன் என்ற உரிமையில், உனக்கு வேறு மாதிரிச் சொல்லியிருப்பான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ அழுவாய், நான் ஏசுவேன், நெஞ்சு ஓடத் தொடங்கும். மருமகன் போனை வாங்கி, மாமி கொஞ்சம் படுங்கோ என்று சொல்லி வைத்துவிடுவார். கடிதத்தில் என்னை யாரும் இடையில் நிறுத்த முடியாது. உன் கூட்டாளி நுஸ்ரியா லீவு முடிந்து டோஹா திரும்புகிறாள். அவள் கையில் இதையும் கொஞ்சம் வறுத்த கச்சான் கடலையையும் கொடுத்து விடுகிறேன். கச்சானை மருமகனுக்கும் கொடு, நீயே தின்று முடித்துவிடாதே.

அவள் கொண்டுவந்த உன் பார்சல் கிடைத்தது. பர்தா ஊசி என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய், ஆனால் குத்துவதற்கு அதில் முனையே இல்லை. மேலே பொன் நிறப் பூ, கீழே ஒரு வட்டத் தகடு, நடுவில் துணி. கிட்டக் கொண்டுபோனால் இரண்டும் பாய்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. நெஞ்சில் மெஷின் வைத்த தழும்பில் ஊசி குத்திவிடும் என்று நான் பயந்து பயந்து பர்தா கட்டுவதை வீடியோவில் பார்த்துவிட்டு, கடை கடையாக ஏறி இறங்கி இதை வாங்கினாயாம். நுஸ்ரியா சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே போகும்போதும் வயலுக்குப் போகும்போதும் இடது தோளுக்குக் கீழே இப்போது உன் பூதான். ஸீனத் மாமி பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு ஒரு நாளைக்கு ஒரு தரம் கேட்கிறாள். கொடுக்கவில்லை.

இனிச் சண்டைக்கு வருகிறேன். நானா போன வெள்ளிக்கிழமை புத்தளத்திலிருந்து வந்தான். வீட்டில் மேல்மாடி அறை கட்டி முடிந்துவிட்டதாம், அறையோடு சேர்ந்த குளியலறையாம், பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில்தானாம். வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வாங்க உம்மா என்கிறான். நெஞ்சில் இப்படி ஒரு நோய் வருத்தத்தை வைத்துக்கொண்டு யானைக் காட்டில் தனியே எதற்கு இருக்கிறீர்கள் என்று கேட்கிறான். யானைக் காடு என்கிறான், மகள். தான் பிறந்த ஊரை.

வருத்தத்தைப் பற்றி அவன் சொல்வதை விட்டுவிட்டு நான் சொல்வதைக் கேள். போன வருடம் விதைப்புக் காலத்தில் நெஞ்சு அடைத்தபோது வாய்வு என்று நினைத்து இஞ்சி குடித்தது என் மடத்தனம். ஸீனத் மாமிதான் அம்புலன்ஸுக்கு அடித்தாள். அந்த நம்பர் 1990. அவள் அதை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்தினாள். அந்த நோவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. வடக்கு முஸ்லிம்கள் எங்கள் எல்லோரையும் புலிகள் ஊரை விட்டு வெளிக்கிட வைத்த வருடத்தைக் கூப்பிட்டுத்தான் இப்போது உயிரையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் அனுப்பி, அங்கே அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஒரு மாதம் போனதும் நெஞ்சு நினைத்த நேரம் தன்பாட்டில் ஓடத் தொடங்கியது. வலைக்குள் மீன் துடிக்குமே, அப்படித்தான். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தரம் நினைவில்லாமல் விழுந்தேன். அடைபட்ட நேரத்தில் இதயத்தில் ஒரு துண்டு பட்டுப்போய்த் தழும்பாகிவிட்டது, இதயத்தை அடிக்க வைக்கும் கரன்ட் அந்தத் தழும்பைச் சுற்றிச் சுழன்று பிழையாக ஓடுகிறது, அப்படி ஓடி ஒரு நாள் நின்றும் போகலாம் என்று டொக்டர் சொன்னார். அதற்காகத்தான் கொழும்பில் நெஞ்சுத் தோலுக்குள் இந்தச் சின்னப் பெட்டியை வைத்தார்கள். நெஞ்சு தறிகெட்டு ஓடினால் பெட்டி உள்ளேயிருந்து ஒரு அடி அடித்து வழிக்குக் கொண்டுவரும். வைத்து மூன்றாம் மாதம் ஒரு தரம் அடித்தது. மன்னார் பஸ் நிலையத்தில் நிற்கும் கழுதைகளில் ஒன்று என் நெஞ்சுக்குள் குடிவந்து உதைத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது நிறையப் புத்தி சொன்னார்கள். சிங்களத்தில் சொன்னார்கள். நானா பாதியைத் தமிழில் சொன்னான், மீதிக்குத் தலையாட்டினான். எனக்கு ஞாபகம் இருப்பது இரண்டு. போனை இடது பக்கம் கொண்டு போகக்கூடாது, வலக்காதில்தான் வைக்க வேண்டும். கரன்ட் வேலிக்குக் கிட்டப் போகக்கூடாது. ஆக, யானைக்கும் எனக்கும் இங்கே ஒரே சட்டம்.

போன கிழமை களை பிடுங்கும்போது நெஞ்சு ஓடியது. ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் என் சாட்சி. கண் இருட்டிக்கொண்டு வர, வரம்பில் சாய்ந்து படுத்தேன். கழுதை உதைக்கப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். உதைக்கவேயில்லை. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. கண் திறந்தபோது நெஞ்சு அமைதியாகிவிட்டது. பெட்டி பொருட்படுத்தாத ஓட்டம் என்றால் அது என்ன பெரிய ஓட்டம்? எழும்பி மிச்சக் களையையும் பிடுங்கிவிட்டுத்தான் வந்தேன். யானை வேலியின் கரன்ட் பெட்டிதான் அன்று ஒரு மாதிரி. வழமையாக டிக் டிக் என்று ஆறுதலாகக் கேட்கும், அன்று பீப் பீப் என்று அவசரமாகக் காதுக்குள்ளேயே கேட்டது. பழுதாகியிருக்கும், திருத்துகிற ஆளிடம் சொல்ல வேண்டும்.

உன் பூ வந்ததிலிருந்து கழுதை ஒரு தரமும் உதைக்கவில்லை, மகள். பரக்கத்தான பூ, அருள் இறங்கின பூ. இதை நானாவுக்குச் சொல். நான் புத்தளம் வரமாட்டேன் என்பதையும் சொல். நீ புத்தளத்து ஆலங்குடா அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் பிறந்தவள், உனக்கு இது விளங்காமல் போகலாம். அந்தக் கொட்டிலுக்குள் இருபது வருடம் நானும் உன் வாப்பாவும் இந்த வயலைப் பற்றித்தான் கதைத்தோம். திரும்பி வந்து காடு வெட்டினோம். அவர் இங்கேதான் மையவாடி மண்ணுக்குள் கிடக்கிறார். மேல்மாடி அறை எனக்கு எதற்கு?

உன் வயிற்றில் ஒரு பிள்ளை தங்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொள். அல்லாஹ் உங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் நிழலாக வைத்திருப்பானாக.

துஆவுடன்,
உம்மா உம்மு ஸல்மா


கொண்டச்சி,
முசலி.
21.01.2024

என் மகள் ஸஜானாவுக்கு உம்மாவின் ஸலாம்.

நீ என் போனை எடுக்காமல் எத்தனை நாள் என்று உனக்கே தெரியும். மருமகன் எடுத்து, அவ தூங்குறா மாமி என்கிறார். விடியவும் தூக்கம், பின்னேரமும் தூக்கமா? சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். அந்த மனிதனுக்குப் பொய் சொல்ல வராது, என் மருந்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

நானா உனக்கு என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். "நீ அனுப்பின சாமான்தான் உம்மாவைக் கொல்லப் பார்த்தது." அவன் வாயிலிருந்தே அதை வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தை அவன்தான் படம் பிடித்து மருமகனின் போனுக்கு அனுப்பப் போகிறான். அதற்காக அவன் ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டும். பார்க்கட்டும், றிஸ்லான் நன்றாகப் படிக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மன்னாரில் மருந்து எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் றஞ்சிதம் இருந்தாள். முள்ளிக்குளத்துக்காரி, மீன் விற்றுவிட்டு வெறும் பேசின் பாத்திரத்தோடு திரும்பிக்கொண்டிருந்தாள். சிலாவத்துறைச் சந்தையில் எனக்கு அவளோடு பல வருடப் பழக்கம். அரிப்புச் சந்தியில் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு யாருக்கோ பார்சல் கொடுக்க இறங்கிப் போனார். பஸ் அமைதியானது. அப்போதுதான் பீப் பீப் என்று கேட்டது.

எல்லோரும் தங்கள் தங்கள் போனைப் பார்த்தார்கள். ஒருவருடையதும் இல்லை. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி, கடைசியில் எல்லாக் கண்ணும் என்னில் வந்து நின்றது. சத்தம் என் அபாயாவுக்குள் இருந்து வந்தது. தேவாலயங்களில் வெடித்த உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு கறுப்பு அபாயாவுக்குள் இப்படி ஒரு சத்தம் கேட்டால் சனம் என்ன நினைக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிலர் பின் கதவால் இறங்கி ஓடினார்கள். வெயில் தொப்பி போட்ட ஒருவர், ஊருக்குப் புதியவர், அந்த மனுசியையும் பையையும் இறக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். கொண்டக்டர் பொடியன் எனக்குத் தெரிந்தவன்தான். அவன் தயங்கித் தயங்கி வந்து, கொஞ்சம் இறங்கி நில்லுங்கோவன் என்று கேட்டான்.

என் நெஞ்சு அடித்த அடியில் அந்தச் சத்தமும் சேர்ந்து ஓடியது. நான் பயப்படப் பயப்பட அதுவும் வேகமாகக் கத்தியது. என் பெட்டிதான் கத்துகிறது என்று அப்போது விளங்கியது, ஏன் என்று விளங்கவில்லை. பெட்டி செத்துக்கொண்டிருக்கிறது, நானும் அதோடு போகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அப்படிப் போவதென்றால் வெயிலில் ரோட்டில் நின்று, சனம் எட்டத்தில் நின்று பார்க்க, நான் போகமாட்டேன் என்று ஒரு கோபம் வந்தது. முன் கதிரைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"நான் இறங்க மாட்டன். ஒருக்கா இறங்கினது போதும்."

கொண்டக்டர் ஓரடி பின்னுக்குப் போனான். றஞ்சிதம் எழும்பி ஓடுவாள் என்று நினைத்தேன், அவள் அசையவில்லை. அவளும் என்னைப் போல் ஒரு தரம் ஊரை விட்டு இறங்கியவள்தான். முள்ளிக்குளத்தில் தன் வீட்டுக்குப் போக நேவி விடாமல் பல வருடம் தறப்பாள் கூடாரத்துக்குள் இருந்ததை எனக்குச் சொல்லியிருக்கிறாள். "எங்க அக்கா சத்தம், காட்டுங்கோ" என்று மெதுவாகக் கேட்டாள். குடையை விரித்து ஒரு பக்கமும், சேலைத் தலைப்பைப் பிடித்து மறு பக்கமும் எனக்கு மறைப்புக் கட்டினாள்.

தழும்பைக் காட்டுவதற்காக நான் பூவைக் கழற்றிப் பர்தாவை இறக்கினேன். சத்தம் நின்றது.

றஞ்சிதம் தழும்பைப் பார்த்தாள், மீன் மணக்கும் விரலால் பெட்டியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குடைக்கு மேலால் தலையை நீட்டி, இது இருதய மெஷின், வெடிக்கிற சாமான் இல்லை, ஏறி இருங்கோ என்று பஸ்ஸுக்கே சொன்னாள். நான் பர்தாவை இழுத்துப் பூவைப் போட்டேன். பீப் பீப். கழற்றினேன், நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி கத்தியது. அவள் பூவை வாங்கிப் பார்க்கும்போது அது கையிலிருந்து பாய்ந்து கதிரைக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. "அக்கா, இது காந்தமெல்லோ" என்றாள்.

தொப்பிக்காரர் வழி முழுக்க யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது என் பையை எடுத்துத் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன், சிரிக்கவில்லை.

நானாவுக்கு அறிவித்து, அடுத்த நாள் அவனோடு யாழ்ப்பாணம் போனேன். அங்கே டிலோஜினி என்றொரு பிள்ளை நெஞ்சில் ஒரு கருவியை வைத்துப் பெட்டி சொல்வதைக் கொம்பியூட்டரில் வாசித்தாள். அவள் தமிழில் ஆறுதலாகச் சொல்லித் தந்தாள். காந்தம் கிட்ட இருக்கும் நேரமெல்லாம் பெட்டி காவலை விட்டுவிட்டு நிற்குமாம். ஒப்பரேஷன் நேரத்தில் டொக்டர்மாரே காந்தம் வைத்து அப்படி நிறுத்துவதும் உண்டாம். என் பெட்டி அந்த நேரத்தில் கத்துகிற வகையாம். காந்தத்தை எடுத்ததும் பழையபடி காவலுக்கு வந்துவிடுமாம், பெட்டியில் ஒரு பழுதும் இல்லையாம். நான் வயல் வரம்பில் படுத்த நாளைச் சொன்னேன். அந்தப் பிள்ளை தட்டிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பின்னால் நின்ற நானாவும் கேட்டான். அன்றிரவு அவன் உனக்குச் சொன்ன சொல் அங்கிருந்துதான் வந்தது.

அவன் பயத்தில் சொன்னான், மகள். ஊரை விட்டுப் போகும்போது அவன் என் இடுப்பில் இருந்த கைப்பிள்ளை. பயந்தால் அவனுக்கு ஏச மட்டும்தான் வரும். அடுத்த கிழமையே புத்தளத்திலிருந்து ஒரு லொறியோடு வந்து, அலுமாரியை முதலில் ஏற்றுவோம் என்று நின்றான். நான் வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டேன். அலுமாரி போவதென்றால் என்னையும் கதிரையோடு தூக்கித்தான் போக வேண்டும் என்றேன். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்தது. பிறகு இருவரும் சோறு தின்றோம். வந்த லொறி வெறுமனே போகக்கூடாது என்று ஸீனத் மாமியின் கச்சான் மூட்டைகளை ஏற்றி அனுப்பினேன்.

இனி நீ கேள். ஊசி குத்தினால் உம்மாவுக்கு நோகும் என்று நினைத்து நீ வாங்கினாய். காந்தம் ஆகாது என்று கொழும்பில் சொல்லியிருப்பார்கள், நானா தலையாட்டிய பாதிக்குள் அது போய்விட்டது. சத்தம் என் நெஞ்சிலிருந்து கேட்க, யானை வேலியைக் குற்றம் சொன்னவள் நான். பிழையைப் பங்கு போட்டால் ஆளுக்கொரு துண்டு வரும். முழுவதையும் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் படுக்க உன்னை யார் விட்டது? அதில் என் பங்கு எனக்கு வேண்டும்.

நான் பயப்படவில்லை என்று எழுத மாட்டேன். அந்த வரம்பில் இப்போதும் அல்லாஹ்வின் பெயர் சொல்லித்தான் கால் வைக்கிறேன். ஆனால் அது என் வரம்பு. மேல்மாடி அறையில் ரீவியைப் போட்டுக்கொண்டு இருந்திருந்தால் இந்தச் சத்தம் யாருக்குக் கேட்டிருக்கும்? பஸ்ஸில் போனதால் கேட்டது, இறங்க மாட்டேன் என்றதால் விளங்கியது. இதை நானா இரண்டு தரம் படிக்க வேண்டும்.

இன்னொரு செய்தி. போன செவ்வாய்க்கிழமை ஆட்டைக் கட்டும்போது நெஞ்சு ஓடியது. நெஞ்சில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. கழுதை உதைத்தது. நிலத்தில் இருந்துவிட்டேன். ஆடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிச் சிரித்தேன். உதை வாங்கிச் சந்தோஷப்பட்ட மனுசி இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கிளினிக்கில் காட்டி மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். அந்த மருந்தை நேரத்துக்குப் போடுகிறேன். பர்தாவை இப்போது ஊசியில்லாமல் பின்னால் முடிச்சுப் போட்டுக் கட்டுகிறேன்.

பூவை எறிந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஸீனத் மாமி இன்னும் கேட்கிறாள், இன்னும் கொடுக்கவில்லை. இரும்பு அலுமாரிக் கதவில் உன் கல்யாணப் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. நான் எட்டத்தில் கதிரையைப் போட்டு இருந்து பார்க்கிறேன்.

நோன்புக்கு முன் வயலில் நெல் அருவி வெட்டு வருகிறது. லீவு கிடைத்தால் இருவரும் வாருங்கள். புது அரிசியில் உனக்குக் கஞ்சி காய்ச்சித் தருகிறேன். வந்து என் நெஞ்சில் காதை வைத்துக் கேள், ஒரு சத்தமும் இருக்காது. வர முடியாவிட்டால் அதையும் உன் வாயால் சொல்.

நீ வைத்த அன்பால் எனக்கு ஒரு கெடுதியும் வராது, மகள். அல்லாஹ் உன் கையைப் பரக்கத்தாக்குவானாக, அந்தக் கையில் ஒரு பிள்ளையைத் தருவானாக. நானா இதை அனுப்பிய உடனே நான் உனக்குப் போனில் கோல் எடுப்பேன். அழுவதென்றால் அழு, இந்த முறை நான் ஏச மாட்டேன். நெஞ்சு ஓடினால் ஓடட்டும், அதற்குக் காவல் இருக்கிறது. போனை வலக்காதில் வைத்துக்கொண்டு இருப்பேன். எடு.

உன் உம்மா,
உம்மு ஸல்மா